மூன்று ஒத்திகையும் ஒரு சாவி டிஸ்க்கும்

பேராக் மாநிலத்தில் நான் கால் வைக்காத அலுவலகம் ஒன்றைக் காட்டுங்கள், உங்கள் எல்லோருக்கும் நான் காப்பி வாங்கித் தருகிறேன். பாகான் செராய் நெல் ஆலையில் ஆரம்பித்து பத்து காஜா ஊரின் வக்கீல் அலுவலகங்கள் வரை, எழுபதுகளில் தட்டச்சு இயந்திரத்தின் வயிற்றைத் திறந்தவனும் நான்தான், எண்பதுகளில் அதே மேசைகளின் மேல் கம்ப்யூட்டரைத் தூக்கி வைத்தவனும் நான்தான். இன்று நீங்கள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாத சர்வரில் மென்பொருள் ஏற்றுகிறீர்கள். நல்லது. நான் சர்வரைத் தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறியவன். ஈப்போ பழைய டவுனில் அந்தக் காலத்துக் கட்டடங்களில் லிஃப்ட் ஏது? மரப்படி கிறீச்சிடும், கீழே காப்பிக் கடையில் கொட்டை வறுக்கும் வாசனை படியேறி நம்மோடு மேலே வரும். இப்போது நினைத்தாலும் அந்த வாசனையோடு சேர்ந்துதான் எனக்கு கம்ப்யூட்டர் ஞாபகம் வருகிறது.

என் படிப்பைப் பற்றிக் கேட்டால் வெட்கப்படாமல் சொல்வேன். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம். அதோடு சரி. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவினேன், கை அதற்கு ஒத்துவரவில்லை, ஈப்போவில் தட்டச்சு இயந்திரம் பழுதுபார்க்கும் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் சேர்ந்துகொண்டேன். அந்த மனிதர் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அரைகுறை மலாயில் ஒரே ஒரு வாக்கியம். "முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார், அப்புறம் தொடு." தட்டச்சு இயந்திரத்துக்கு அது போதும். நான் பார்த்தே சொல்வேன், எந்தச் சுருள்வில் தளர்ந்திருக்கிறது, எந்த எழுத்து வளைந்திருக்கிறது என்று. இரண்டே வருடத்தில் தவுக்கேயைவிட வேகமாக வேலை செய்தேன். அவரே ஒப்புக்கொண்டார்.

கம்ப்யூட்டர் வந்தபோதுதான் ஒரு சிக்கல் வந்தது. அது வாக்கியமாகப் பேசியது. அதுவும் ஆங்கிலத்தில்.

எனக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். யெஸ், நோ, எரர், என்டர் மாதிரி இருபது முப்பது சொற்கள் தெரியும். நான்கு வரி சேர்ந்து வந்தால் கதை முடிந்தது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், இன்றைக்கும் அந்த மூளையை நினைத்தால் எனக்கே ஆச்சரியம். புது மென்பொருள் வந்தால் அதை முதலில் ஜெலாப்பாங்கில் இருந்த என் பட்டறையில் ஏற்றிப் பார்ப்பேன். ஒவ்வொரு திரையையும் பள்ளிக்கூட நோட்டில் கட்டமாக வரைவேன். இந்தத் திரையில் மேலே நீளமாக ஒரு கோடு, ஒய் அடிக்க வேண்டும். அடுத்ததில் கீழே இரண்டு பெட்டி, என்டர். அதற்கடுத்தது டிஸ்க் மாற்று. இப்படித் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, விரல்களுக்குப் பழக்கமாகும் வரை திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பேன். வாடிக்கையாளர் முன்னால் போய் உட்கார்ந்தால், திரையைச் சரியாகப் பார்க்கக்கூட மாட்டேன், விரல் ஓடும். "இவரு படிக்காமலே அடிக்கிறாருய்யா" என்று சொல்லி அசந்து போவார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள், அவர்களுக்கு அது தெரியாது!

இப்படி ஏழெட்டு வருடம் ஓடிற்று. எண்பதுகளின் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நின்றது.

பழைய டவுனில் ஒரு தோட்டக் கம்பெனியின் அலுவலகம். பத்து காஜா பக்கம் அவர்களுக்கு ஒரு ரப்பர் தோட்டம். அதை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். மரங்களை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு வேறு இடத்தில் மனை ஒதுக்க நில அலுவலகம் ஒரு பட்டியல் தயாரித்தது. அதில் பெயர் ஏற வேண்டுமென்றால், இந்தக் குடும்பம் இத்தனை வருடம் இந்தத் தோட்டத்தில் வேலை செய்தது, வீட்டில் இன்னின்னார் இருக்கிறார்கள் என்று கம்பெனி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு கடிதம், இரண்டு பக்கம், மலாயில், அடித்தல் திருத்தல் இல்லாமல். மொத்தம் தொண்ணூற்று நான்கு குடும்பம். கெடு வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகால். தொழுகைக்குக் கதவு சாத்துவதற்கு முன்னால்.

அந்த அலுவலகத்தில் அப்போது இரண்டு பேர்தான். ஒருவர் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர், முழுக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பார், ஆங்கிலம் தண்ணீர் மாதிரி பேசுவார். மற்றவள் தட்டச்சர் தனலெட்சுமி. அதே தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி ஒருவரின் மகள். பத்து காஜா உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்து, ஆங்கிலமும் மலாயும் கற்று வேலைக்கு வந்தவள். இன்னும் நான்கு பேர் அடுத்த மாதம் சேரப்போகிறார்கள் என்று கம்பெனி நான்கு கம்ப்யூட்டரும் ஒரு சர்வரும் என்னிடம் வாங்கியது. அலுவலக வேலைக்கான மென்பொருளைச் சர்வரில் ஏற்றிவிட்டால் எந்த மேசையிலிருந்தும் கடிதம் அடிக்கலாம். குடும்பங்களின் விவரத்தையெல்லாம் தனலெட்சுமி பழைய கம்ப்யூட்டரில் அடித்து டிஸ்க்கில் வைத்திருந்தாள். மென்பொருள் ஏறியதும் ஒரே ஒரு கடிதம் அடித்தால் போதும், பெயர்களை அதுவே கோத்து தொண்ணூற்று நான்கையும் அச்சடித்துவிடும். ஒரு நாள் வேலை.

பழைய கம்ப்யூட்டரை நான் திங்கட்கிழமையே எடுத்துக்கொண்டு போய், பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டேன். புதியது எழுந்து நிற்கும் முன் பழையதை எடுக்காதீர்கள். இதை நான் உங்களுக்குப் பத்துத் தடவை சொல்லியிருப்பேன், காரணம் இப்போதுதான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை விரல்கள் ஓடின. முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க், ஏழு டிஸ்க்கும் உள்ளே போயிற்று. கடைசியில் முதல் டிஸ்க்கை மறுபடி கேட்டது, கொடுத்தேன். அந்த டிஸ்க்குக்குச் சாவி டிஸ்க் என்று பெயர். டுக் என்று ஒரு சத்தம். திரையில் நான்கு வரி ஆங்கிலம். என் நோட்டில் அந்தத் திரை இல்லை.

பார்த்தேன். நடுவில் மூன்று என்று ஓர் எண் மட்டும் தெரிந்தது. சரி, மூன்றாவது டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

பின்னால் நின்ற தனலெட்சுமி, "அண்ணே, அதுல என்னமோ எழுதிருக்கே" என்று ஆரம்பித்தாள்.

"எல்லாம் தெரியும்மா. மெசின நான் பாத்துக்கிறேன், நீ போயி வேலயப் பாரு."

கோலாலம்பூரில் மென்பொருள் விற்றவர்களுக்குப் போன் போட்டு, மூன்றாவது டிஸ்க் அனுப்பச் சொன்னேன். பேருந்தில் கொடுத்து அனுப்புகிறோம், நாளை மதியம் ஈப்போவுக்கு வந்துவிடும் என்றார்கள். பெரிய கிராணியிடம் அதைச் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்கோ? தம்பி, வெள்ளிக்கிழமை பன்னெண்டேகாலுக்கு அவை கதவைச் சாத்திப் போடுவினம். அதுக்குப் பிறகு தங்கத்தில எழுதிக்கொண்டு போனாலும் வாங்க மாட்டினம். விளங்குதோ?"

"நாளைக்கு முடிச்சிருவேன் சார். நான் கைய வெச்ச வேல நின்னதில்ல."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மூலையில் துணி போர்த்தியிருந்த தட்டச்சு இயந்திரத்தைக் காட்டி, "பிள்ளை, நீர் உதில தொடங்கும்" என்றார். அந்த அலுவலகத்தில் தட்டச்சுத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு கடிதத்துக்கு இருபது இருபத்தைந்து நிமிடம். ஓர் எழுத்து தவறினால் முழுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவள் என்னதான் அடித்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் எழுபதைத் தாண்ட முடியாது.

புதன்கிழமை மதியம் மூன்றாவது டிஸ்க் வந்தது. போட்டேன். அதே டுக். அதே நான்கு வரி. சரி, டிஸ்க் இல்லை, சர்வரின் உள்ளே இருக்கும் தட்டுதான், ஹார்ட் டிஸ்க்தான், பழுது என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை, அதில் நான் கெட்டிக்காரன். பட்டறையிலிருந்து வேறு தட்டு கொண்டுவந்து மாற்றி, சர்வரை அடியிலிருந்து மறுபடி எழுப்பினேன். அந்த வேலையை அன்றைக்கு ஈப்போவில் என்னைவிடச் சுத்தமாகச் செய்ய ஆள் கிடையாது. வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஏழு டிஸ்க்கையும் மறுபடி போட்டேன்.

டுக். நான்கு வரி.

சர்வர் இருந்தது ஒரு சின்ன அறை. அலுவலகத்திலேயே குளிர்சாதனம் அங்கே மட்டும்தான். எனக்கு வியர்த்தது. எழுந்து வெளியே வந்தேன். தனலெட்சுமி அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் நுனியில் துணி சுற்றியிருந்தாள். பக்கத்தில் முடிந்த கடிதங்கள், மேலே கல் வைத்து. சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. லயம் வரிசைப்படி பெயர்கள், முடிந்தவற்றுக்கு நேரே பென்சில் குறி. நாற்பத்து மூன்று வரை வந்திருந்தாள்.

"ஒங்க வீடு எத்தனாவது நம்பரு?" என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"எண்பத்தெட்டுண்ணே. கடேசி லயம்."

கை நிற்கவில்லை அவளுக்கு.

 பெரிய கிராணி காதில் விழாமல் குனிந்து, "அத மொதல்ல அடிச்சு வெச்சிரு. யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

அப்போதுதான் கையை எடுத்தாள். "என்னாண்ணே நீங்க. நாப்பத்தி நாலு மாரியாயி பெரியம்மா. நான் பள்ளிக்கோடம் போறப்ப தெனமும் பசியாற குடுத்தவங்க. அவங்கள தாண்டி எங்கப்பா பேர அடிச்சேன்னு வெச்சுக்குங்க, அவரே கிழிச்சு அடுப்புல போட்டுருவாரு." சிரித்துவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். "நீங்க மெசின சரி பண்ணிட்டா எல்லாருக்கும் வந்துரும்லா."

தம்பிகளே, தங்கைகளே, நான் தோட்டத்தில் பிறந்தவன். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அப்பா ஒரு பாயையும் இரண்டு பானையையும் கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு நடந்ததில் நானும் பின்னால் நடந்திருக்கிறேன். அடுத்த தோட்டம் என்று ஒன்று அப்போது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. எழுபதுக்கு மேல் உள்ள இருபத்து நான்கு குடும்பம் எங்கே போகும்? நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். தவுக்கே சொன்ன மாதிரி பார்த்தேன், முழுசாகப் பார்த்தேன். மூன்று நாளாக அந்த இயந்திரம் தனக்கு என்ன ஆயிற்று என்று ஒரே விஷயத்தை ஒரே நான்கு வரியில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்கத் தெரியாதவன் நான்தான்.

எழுந்து கதவைத் திறந்தேன். பெரிய கிராணி தலை நிமிர்ந்தார்.

"தனம், இங்க வாம்மா. இதுல என்னா எழுதிருக்குன்னு சத்தமா படி."

அவள் வந்தாள். பெரிய கிராணியும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். அவள் ஆங்கிலத்தில் கடகடவென்று படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தமிழ்ல சொல்லும்மா. எனக்கு இங்கிலீசு படிக்க வராது."

சொல்லிவிட்டேன். ஏழெட்டு வருடமாகப் பேராக் முழுக்க ஒளித்து வைத்திருந்ததை ஒரு வாடிக்கையாளர் முன்னால் சொல்லிவிட்டேன். பெரிய கிராணியின் வாய் திறந்தபடியே இருந்தது. "ஒண்டும் படிக்கத் தெரியாமலோ நீர் இவ்வளவு நாளும்..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பிள்ளை, ஆறுதலா, மெள்ளச் சொல்லும்."

"இந்த டிஸ்க்க மூணு தடவதான் ஏத்தலாமாம். மூணும் முடிஞ்சு போச்சாம். வேற மெசின்ல ஏத்துனத மொறப்படி எடுத்தா, அந்தத் தடவ டிஸ்க்குக்குத் திரும்பி வந்துருமாம். அப்பறம் இதுல போடலாமாம்." நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா நாம இன்னும் ஒரு தடவ கூட ஏத்தலியேண்ணே?"

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அதற்குமுன் நான் ஏற்றிய மென்பொருள் எதிலும் இப்படிப்பட்ட கணக்கு இருந்ததில்லை. திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்க அந்தக் காலத்தில் சிலர் செய்த ஏற்பாடு அது.

"நான் ஏத்துனேன்," என்றேன். "பட்டறயில. பழகிப் பாக்க. மூணு தடவ."

பெரிய கிராணி மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப எங்கட மென்பொருள் உம்மட வீட்டில குடியிருக்குது."

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிக்க நேரமில்லை. முதல் இரண்டு ஒத்திகை முடிந்ததும் பட்டறைக் கம்ப்யூட்டரை அப்படியே மொத்தமாகத் துடைத்துவிட்டேன், அந்த இரண்டு தடவையும் போனது போனதுதான். மூன்றாவது ஒத்திகை முடிந்த அன்று சித்தியவான் ஊரிலிருந்து ஓர் அவசர அழைப்பு வந்து, துடைக்காமல் ஓடினேன். அது மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. இருக்க வேண்டும்.

ஆனால் எடுக்கும் முறையில் வரும் திரைகளை நான் பார்த்ததே இல்லை. ஒத்திகை பார்க்க வழியில்லை, ஒரே ஒரு வாய்ப்பு. பக்கத்தில் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். தனலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனால் போக வர, வேலை முடிக்க இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் ஐந்து கடிதம் அடித்திருப்பாள். ஜெலாப்பாங்கில் காரியம் நடக்காமல் போனால் என் ஒத்திகைக்காக இன்னும் ஐந்து குடும்பம் பட்டியலில் இல்லை. "அங்க படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும் சார்," என்று மட்டும் சொன்னேன்.

பெரிய கிராணி சுவரில் மாட்டியிருந்த குடையை எடுத்தார்.

"பிள்ளை, நீர் இருந்து அடியும். ஒரு நிமிசம் வீணாக்காதையும். தம்பி, உம்மட வான் எங்க நிக்குது?"

அலுவலக நேரத்தில் அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போனதை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாளாம். என் வானில் முன் இருக்கையில் கம்பிச் சுருள் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, குடையைக் காலுக்கிடையில் நிறுத்தி, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி நேராக உட்கார்ந்து வந்தார்.  மலைப் பாறையைச் சுற்றிச் சாலை திரும்பும் இடத்தில், "ஏன் தம்பி முதலே கேக்கேல்ல?" என்றார். நான் கியரை மாற்றினேன்.

பட்டறையில் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தேன். மூன்றாவது ஒத்திகை அங்கே இருந்தது. பெரிய கிராணி ஒரு மர முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு திரையையும் வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல் வாசித்து, பிறகு தமிழில் சொன்னார். நான் அடித்தேன். நான்காவது திரையில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறும். இதில எச்சரிக்கை போட்டிருக்கு. ஒய் அடிச்சா எடுக்கத் தொடங்குமாம். பாதியில நிண்டா அந்தத் தடவையும் அழிஞ்சு போகுமாம். பிறகு ஒண்டும் செய்யேலாது."

சாவி டிஸ்க்கைப் போட்டுவிட்டு விரலை ஒய் மேல் வைத்தேன். அந்த நேரம் தலைக்கு மேல் விளக்கு ஒரு தடவை மங்கி எழுந்தது.

இந்த இடத்தில்தான் நான் யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய கிராணி விளக்கைக் கவனிக்கவில்லை. அவ்வளவு படித்தவர், கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புக் கதவு செய்யும் பட்டறை. அவர்கள் வெல்டிங்கைத் தொட்டால் என் பக்கம் மின்சாரம் தொய்யும். பத்துத் தடவைக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் அணைந்தே போகும். விரலை எடுத்தேன்.

"இருங்க சார், வாரேன்."

அங்கே ஒரு வயதான சீனர், நெருப்புக் கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார். எங்கள் இருவருக்கும் பொது மொழி கடைத்தெரு மலாய்தான்.

"ஆப்பெக், தோலோங் லா, ஒதவி பண்ணுங்க. பத்து நிமிசம் வெல்டிங் போடாதீங்க" என்று கெஞ்சினேன்.

"என்னா, உன் பெட்டிக்குக் காய்ச்சலா?"

"உயிர் போற நெலம."

அவர் வெல்டிங் பிடியைக் கீழே வைத்தார். அதோடு விடவில்லை. சுவரிலிருந்த பெரிய சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் முன்னாலேயே ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார். "போ. நீ வந்து சொல்ற வரைக்கும் யாரும் தொட மாட்டான். அப்பறம் எனக்கு ஒரு கோப்பி ஓ வாங்கிக் குடு, சீனி கம்மி."

ஓடிவந்து ஒய்யை அடித்தேன். டிஸ்க் சுழலும் சத்தம் மட்டும். பெரிய கிராணி குடைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திரை மாறியது. அவர் வாசித்தார், முதலில் மனசுக்குள், பிறகு வெளியே.

"மிச்சம் இருக்கிறது, ஒண்டு."

மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

பன்னிரண்டரைக்கு ஈப்போ திரும்பினோம். சர்வர் முன்னால் நான் உட்கார்ந்தேன், ஒவ்வொரு திரைக்கும் நிறுத்தினேன், பெரிய கிராணி வாசித்தார், அதன் பிறகுதான் அடித்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாக நான் ஒரு மென்பொருளை ஏற்றியதில்லை. டுக் வரவில்லை. தனலெட்சுமி அப்போது நாற்பத்தெட்டில் இருந்தாள். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள்.

அன்று மாலைக்குள் கடிதத்தை அடித்துப் பெயர்களோடு கோத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே மூவரும் வந்துவிட்டோம். அந்தக் காலத்து அச்சு இயந்திரம் போடும் சத்தம் உங்களுக்குத் தெரியாது, தகரக் கூரையில் கல்மாரி பெய்கிற மாதிரி இருக்கும். நான் தாள் ஏற்றினேன், அவள் ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்தாள், பெரிய கிராணி கையெழுத்துப் போட்டார். எண்பத்தெட்டு வந்தபோது அவள் மற்றவற்றைப் பார்த்த அதே நேரம்தான் அதையும் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள்.

பத்து காஜா நில அலுவலகத்தில் நாங்கள் மூவரும் என் வானில் போய் இறங்கியபோது பதினொன்றே முக்கால். வாசலில் மரத்தடியில் தோட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிளோடு நின்றார்கள். அதில் ஒல்லியாக ஒருவர், காக்கிக் கால்சட்டையில் ரப்பர் பால் காய்ந்த கறை. தனலெட்சுமியைப் பார்த்ததும் முன்னால் வந்தார்.

"எல்லாரு பேரும் இருக்கா ஆயி?"

"இருக்குப்பா. தொண்ணூத்தி நாலும்."

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். தன் பேர் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. முகப்பில் இருந்த மலாய் அதிகாரி கட்டைப் பிரித்து எண்ணி, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி முடித்தபோது, பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம்.

திரும்பி வரும்போது வானில் அவளிடம் கேட்டேன். "ஏம்மா, மொத நாளே அது என்னான்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன்ண்ணே. நீங்கதான் எல்லாம் தெரியும்னீங்க."

பின் இருக்கையில் பெரிய கிராணி இருமினார். அது இருமல் இல்லை.

அதற்குப் பிறகு நான் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், திரையில் வாக்கியம் வந்தால் கையை எடுத்துவிட்டு, அங்கே இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு, "சத்தமா படிங்க, அர்த்தத்தையும் சொல்லுங்க" என்பேன். வாடிக்கையாளருக்கு இவர் எவ்வளவு பொறுப்பாகப் பயிற்சி கொடுக்கிறார் என்று பெயர் வந்தது. அதற்காகவே என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு. நானும் மறுக்கவில்லை. நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு ஆங்கிலம் வரும். ஆனாலும் நான் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். திரையில் நான்கு வரி வந்தால் முதல் வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, படிக்கவில்லை. உங்களுக்கு என்ன வந்தது?

நில அலுவலகம் போய் வந்த அடுத்த திங்கட்கிழமை பெரிய கிராணி கோலாலம்பூரில் இருந்த கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. மூன்று நாள் ஏன் தாமதம் என்று, என் கையெழுத்தோடு. என்னைக் கூப்பிட்டு, "நீர் என்ன சொல்லுறீர், எப்பிடி எழுத?" என்று கேட்டார். தட்டு பழுது என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. என் தொழிலும் பிழைக்கும்.

"நடந்தத எழுதுங்க சார்," என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல தனலெட்சுமி புதுக் கம்ப்யூட்டரில் அடித்தாள். அச்சடித்த தாளை என் முன்னால் வைத்தாள். வழக்கம்போல நான் பேனாவைத் திறந்து அடியில் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினேன். எத்தனையோ தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறேன். அவள் தாளின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"இருங்கண்ணே. படிச்சுச் சொல்றேன், அப்பறம் போடுங்க."

முதல் வரியிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்று ஒத்திகை இருந்தது. வீணான டிஸ்க்கும் வீணாக மாற்றிய தட்டும் இருந்தன. வெல்டிங் பட்டறையை நான் நிறுத்தச் சொன்னதும் இருந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதும் இருந்தது, அதைச் சொல்லும்போதும் அவள் குரல் தாழவில்லை. கடைசி வரி முடிந்ததும் கையை எடுத்தாள்.

நான் கையெழுத்துப் போட்டேன்.